மூன்று நிமிடக் குருப்பட்டம்

மனிதகுலம் மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை பெற்ற நாள் எது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் பிடுங்குப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒஸ்லோவில் புருசெத் பக்கம் வந்து ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை. அது 2007 நவம்பர் பத்தாம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. அன்றுதான் ஒஸ்லோ தமிழ்ப் பகுத்தறிவு வட்டத்தின் தலைவரும் தீவிர நாத்திகருமான திரு. மகேந்திரராசா, தன் வீட்டுக் கணினியின் முன் சாரத்தோடு அமர்ந்து, அமெரிக்காவில் உள்ள ஒரு சபையின் இணையத்தளத்தில் குருப்பட்டம் பெற்றார். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும். கடவுளை நம்ப வேண்டும் என்ற தொந்தரவு கிடையாது. மொத்தம் மூன்று நிமிடம் பிடித்தது. அதில் இரண்டு நிமிடம், தன் பெயரை ஆங்கிலத்தில் தட்டி முடிப்பதற்கு.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பஞ்சாங்கக் கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். நாத்திகர் வீட்டில் பஞ்சாங்கமா என்று அவசரப்பட்டுச் சிரிக்கக்கூடாது. வட்டத்தின் கூட்டங்கள் இராகு காலத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. இராகு காலம் எப்போது என்று பஞ்சாங்கம் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஒருமுறை ரயில் பிந்தி, கூட்டம் தவறுதலாக நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டது என்பதற்காக அதை ரத்துச் செய்தவர் அவர். கொள்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய ஒரே மகள் யதுர்ஷா. நோர்வேயில் பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. ரிசாந் என்ற பிள்ளையைக் கட்டப்போகிறாள்.

"எனக்கு விளங்காத மந்திரம் வேண்டாம், அப்பா. பதிவைக் கோர்ட்டிலை செய்யிறம். ஹோலிலை ஆராவது தமிழிலை நாலு வசனம் சொல்லித் தாலியை எடுத்துக் குடுத்தால் காணும்" என்றாள்.

மகேந்திரராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாக மேடையில் முழங்கியது முதன்முறையாக ஒருவர் காதில் ஏறியிருக்கிறது. அதுவும் பெற்ற பிள்ளையின் காதில். அந்த 'ஆராவது' தானேதான் என்று அக்கணமே முடிவெடுத்தார்.

மனைவி செல்வமலர் தேத்தண்ணியோடு வந்து சான்றிதழைப் பார்த்தார்.

"ஐயற்றை வேலையை நீங்கள் பார்த்தால், பிள்ளையைக் கைப்பிடிச்சுக் குடுக்கிறது ஆர்?"

"அதையும் நானே செய்யிறன்."

"நீங்களே குடுத்து, நீங்களே நிண்டு கட்டிவைக்கிறதோ? சபை சிரிக்கும்."

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. இடம், வீட்டுத்தொகுதியின் பொது அறை. நேரம், ஞாயிறு நாலரை, கலப்படமில்லாத இராகு காலம். 'இரண்டாம் குரு ஒருவரை உருவாக்குதல்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செயலாளர் குலேந்திரன் அங்கேயே ஒரு மடிக்கணினியின் முன் இருத்தப்பட்டார். பெயர் சின்னது என்பதால் அவருக்கு இரண்டரை நிமிடம் போதுமாக இருந்தது.

குலேந்திரன் இருபத்துமூன்று வருடச் சிநேகிதர். நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் இருவரும் ஒரே மேசையில் மீன் வெட்டி, ஒரே சட்டியில் சோறு தின்றவர்கள். யதுர்ஷாவுக்குச் சைக்கிள் பழக்கியதும், தாய்க்குப் பின்னேர வேலை என்றால் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்ததும் 'குலேந்திரன் மாமா'தான். இப்போது அவர் நாலு வசனம் எழுதி, வேலைக்குப் போய்வரும் ரயிலில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினார். வழியில் ட்வெய்ட்டாவில் இறங்கி ஒரு பட்டுச் சால்வையும் அதற்குத் தோதான சேர்ட்டும் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒஸ்லோவின் தெற்குக் கோடியிலுள்ள மோர்டென்ஸ்ருட்டிலிருந்து தொலைபேசி வந்தது. செல்வமலரின் தமையன் சிறீஸ்கந்தராசா.

"மச்சான், தாலி எடுத்துக் குடுக்கிறது ஆராம்?"

"எங்கட குலேந்திரன்."

மறுமுனை இருமியது. "ஊரிலை அவர் எவடம்?"

யாழ்ப்பாணத்து நாகரிகம் உலகத்திலேயே உயர்ந்தது. அங்கே யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. ஊரில் எவடம், வீட்டுக்குக் கிட்ட எந்தக் கோயில் என்று மட்டும் கேட்பார்கள். மிச்சம் தானாக விளங்கிவிடும். கோயில் வாசலை மிதிக்காத மகேந்திரராசாவும் மீன் வெட்டிய முதல் நாளே குலேந்திரனிடம் எந்தக் கோயிலடி என்றுதான் கேட்டிருந்தார். விளங்கியும் இருந்தது. விளங்கியும் இருபத்துமூன்று வருடம் வாய் திறக்காமல் சரிசமமாகப் பழகிய தன் பெருந்தன்மையை நினைத்தால் அவருக்கே தன்மீது ஒரு மரியாதை வரும்.

"அந்தாள் தொட்டுக் குடுக்கிற தாலியோ எங்கட பிள்ளைக்கு? நாங்கள் ஒருதரும் வரமாட்டம்" என்றார் சிறீஸ்கந்தராசா.

"நான் உதொண்டும் பாக்கிறேல்லை, மச்சான்" என்றார் மகேந்திரராசா கம்பீரமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "யோசிப்பம்" என்றார்.

இரண்டாவது அவசரக் கூட்டம். சடங்கின் ஒழுங்கைப் பேசி முடிக்கலாம் என்று யதுர்ஷாவும் வந்திருந்தாள். தலைவர் தொண்டையைச் செருமி, 'இரண்டாம் குருவின் சேவையை ஒத்திவைத்தல்' என்ற தீர்மானத்தைத் தானே முன்மொழிந்தார்.

"கோயில் ஐயரையே கூப்பிடுவம். கொள்கையிலை ஒரு சின்ன நெகிழ்வு, அவ்வளவுதான். ஐயரெண்டால் ஒருதருக்கும் ஆட்சேபனை இராது."

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த குலேந்திரனின் பேனா நின்றது.

"காரணம் எண்டு என்ன எழுத, அண்ணை?"

"அனுபவம் காணாது எண்டு எழுதும்."

"எனக்கும் உங்களுக்கும் பட்டம் கிடைச்சு ஒரு நாள்தானே வித்தியாசம்."

"அப்ப, பொதுநலன் எண்டு போடும்."

குலேந்திரன் எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த நாலு வசனத் தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒண்டுமில்லை, குலம்" என்றார் தலைவர். "உமக்குத் தெரியும்தானே. சனம் கதைக்கும்."

"ஆர் அப்பா அந்தச் சனம்?" என்றாள் யதுர்ஷா. "பேரைச் சொல்லுங்கோ, லிஸ்ற்றிலை வெட்டிவிடுறன்."

மகேந்திரராசா மேடையில் தண்ணீர் குடிக்காமல் மூன்று மணி நேரம் பேசக்கூடியவர். இப்போது தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்.

"மாமாதான் கட்டிவைப்பார். நீங்கள் கைப்பிடிச்சுக் குடுக்க வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி நான் தனிய நடந்து வருவன்."

"அது சரி, பிள்ளை" என்றார் குலேந்திரன். ஆனாலும் செயலாளர் செயலாளர்தான். "தலைவர் முன்மொழிஞ்சதுக்குக் காரணம் எழுதாமல் நான் குறிப்பை மூடேலாது."

"நான் சொல்லுறன், எழுதுங்கோ. அப்பா கடவுளை மட்டும்தான் விட்டவர்."

குலேந்திரன் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதினார். கீழே கோடு இழுத்தார். பிறகு, எல்லாக் கூட்டத்திலும் செய்வதுபோல், தலைவரின் கையொப்பத்துக்காகக் குறிப்பேட்டைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்:

"திருத்தம் ஏதும் உண்டோ, அண்ணை?"