பறந்த தட்டுக்கு ஒரு நேர்த்தி

இன்றைக்குப் பிறகு காடு என்ற சொல்லைக் கேட்டாலே பிரியந்திக்கு உடம்பு நடுங்க வேண்டும். மொன்றியலின் லாசாலில் இருக்கும் தங்கள் அடுக்குமாடி வீட்டுக் குசினியில், கோப்பிக்குச் சீனி கலக்கியபடி, எமிலியானுஸ் இந்தத் தீர்மானத்தை எடுத்தான். சத்தமில்லாமல் எடுத்தான். கலியாணம் கட்டிய நாள் முதல் பெரிய தீர்மானங்களை அவன் சத்தமில்லாமல்தான் எடுப்பது.

விசயம் இதுதான். எமிலியானுசுக்கு டிஸ்க் கோல்ஃப் விசர். பந்துக்குப் பதிலாகத் தட்டு, குழிக்குப் பதிலாகக் கம்பத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எறிந்து எறிந்து கூடைக்குள் விழுத்த வேண்டும். சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டால் பின்னேரம்தான் சேறும் சிரிப்புமாய் வருவான். வந்த கையோடு, அன்று விளையாடிய இடத்துக்கு இணையத்தில் நட்சத்திரம் போட்டு மதிப்புரை எழுதுவான்.

"எங்கட குளியலறைக் குழாய் ஒழுகுது. அதுக்கும் ரெண்டு நட்சத்திரம் போட்டு எழுதுங்கோவன்" என்பாள் பிரியந்தி.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். போன கிழமை அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"வாற சனி நானும் பிள்ளையும் வாறம்."

எமிலியானுசின் கிழமை நாட்கள் வேலைத்தல மேற்பார்வையாளருக்கு, ஞாயிறு பூசைக்கும் மாமியார் வீட்டுக்கும். சனிக்கிழமை ஒன்றுதான் அவன் பெயரில் இருந்த சொத்து. அதிலும் பிள்ளையின் தள்ளுவண்டி ஏறினால் மனிதன் எங்கே போவது? வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் அவன் வாயில் வந்து கனகாலம்.

அதனால்தான் திட்டம் போட்டான். மொன்றியலுக்கு வடக்கே மலையடிக் காட்டுக்குள் புதிதாய் ஒரு தளம் திறந்திருந்தது. விளையாடிப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்லும்படி அவனுடைய கழகத்தார் கேட்டிருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டு திரும்பிய இடம். ஒரே நாள். ஒரே காடு. பிரியந்தி தானாகவே "இனி நீங்கள் தனியப் போங்கோ" என்று கும்பிட வேண்டும்.

காடு அவனை ஏமாற்றவில்லை. வேர்கள் பாதைக்குக் குறுக்கே மலைப்பாம்பு மாதிரிக் கிடந்தன. மரங்கள் தோளோடு தோள் முட்டி நின்றன. அடுத்த கூடை எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு பலகை இல்லை. எமிலியானுஸ் மனதுக்குள் மதிப்பெண் போட்டான். பாதை: ஒரு நட்சத்திரம். வழிகாட்டல்: அதுவும் இல்லை. நுளம்புக் கடி: ஐந்து நட்சத்திரம்.

"களைச்சுப் போனீர் போல?" என்று ஆசையோடு கேட்டான்.

"எனக்கென்ன களைப்பு?" தள்ளுவண்டியை ஒரு வேருக்கு மேலால் தூக்கி வைத்தாள் பிரியந்தி. "என்ன நிழலப்பா! போனும் எடுக்குதில்லை. இண்டைக்கு என்ன கறி எண்டு கேக்க ஒரு சனமில்லை. இப்பிடி இடங்களை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீங்கள்?"

எமிலியானுசின் திட்டம் அங்கேயே சரிந்தது.

அந்தச் சரிவோடுதான் ஏழாம் கூடைக்கு எறியப் போனான். கை தானாகப் பைக்குள் போய், எடுக்கக் கூடாத தட்டை எடுத்தது. அது சாதாரணத் தட்டில்லை. ஒரே எறியில் கூடைக்குள் விழுந்த தட்டு. வாழ்நாளில் அப்படி ஒருமுறைதான் அவனுக்கு நடந்தது. அன்று கூட நின்றவர்கள் எல்லாரும் அதன் முதுகில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கலியாண அல்பத்தைக்கூட அவன் அத்தனை பவுத்திரமாய் வைத்ததில்லை.

எறிந்தான். 'டொக்' என்று ஒரு மரம் பதில் சொன்னது. எமிலியானுஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். திறந்து பார்த்தபோது காடு இருந்தது, தட்டு இல்லை.

முன்பக்கம் முழுக்கப் பற்றையைக் கிளறினான். முள்ளுக்குள் கை விட்டான். தவழ்ந்தான். நுளம்பு அவனைச் சமபந்தி விருந்தாக்கியது. கடைசியில் மண்ணில் முழங்காலை ஊன்றி அழுவாரைப் போல அண்ணாந்தான்.

"கோடி அற்புதரே, அந்தோனியாரே! தொலைஞ்சதைத் தேடித் தாறவரே! தட்டைக் கண்ணில காட்டும். ஒரு மெழுகுதிரி கொளுத்துறன்."

பின்னால் நின்ற பிரியந்தி பெருமூச்சு விட்டாள். "ஒரு மெழுகுதிரியோ? இந்தப் பெரிய காட்டைக் கிளற அந்த மனுசனுக்கு அது காணுமோ?"

"அப்ப பதின்மூண்டு செவ்வாய்க்கிழமை மரக்கறி!"

"செவ்வாயில உங்களுக்கு இரவு வேலை. கன்ரீனில கோழிக்காலோட நிக்கிறது எனக்குத் தெரியாட்டியும் அவருக்குத் தெரியும்."

"கோட்-டெ-நெய்ஜ் சூசையப்பர் கோயில் படி முழுக்க முழங்காலால ஏறுறன்!"

"அந்தோனியாரிட்டைக் கடன்பட்டுப்போட்டுச் சூசையப்பரிட்டைக் கட்டினால் ஆற்ற கணக்கில வைக்கிறது?"

"மொட்டை அடிக்கிறன்."

பிரியந்தி அவன் தலையைப் பார்த்தாள். அதிகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "இல்லாததைத் தாறன் எண்டு புனிதரையே பேய்க்காட்டுறியளோ?"

"அப்ப நான் என்னத்தைக் குடுக்கிறது, நீரே சொல்லும்!"

"எனக்கென்ன தெரியும்? உயிரா நினைக்கிறதைக் குடுத்தால்தான் நேர்த்திக்கடன் எண்டு சுவாமியார் பிரசங்கத்தில சொன்னவர்."

எமிலியானுஸ் நிமிர்ந்தான். உயிராய் நினைப்பது ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் வியாபார மூளை கடைசியாய் ஒருமுறை துடித்தது.

"அந்தோனியாரே, டிசம்பர், ஜனவரிச் சனிக்கிழமை எல்லாம் வீட்டில நிக்கிறன்."

"அவருக்கும் மொன்றியல் தெரியும்" என்றாள் பிரியந்தி. "அந்தப் பனிக்குள்ள எங்க போகப் போறியள்?"

வானம் ஒருமுறை உறுமியது. மழை வந்தால் சருகு மூடிவிடும். தட்டு என்றென்றைக்கும் மண்ணோடு போய்விடும். எமிலியானுஸ் உடைந்தான்.

"சரி! இந்த வருசச் சனிக்கிழமை முழுக்க! கோடை, மாரி எல்லாம்! வீட்டில நிண்டு பிள்ளையைப் பாக்கிறன்! சமைக்கிறன்! குழாயும் பூட்டுறன்! தட்டைத் தாரும்!"

"ஆமென்" என்றாள் பிரியந்தி. பிறகு குனிந்து, தள்ளுவண்டிக்குக் கீழே கைவிட்டு நிமிர்ந்தாள். "இந்தா, இஞ்ச கிடக்குது. மரத்தில பட்டுப் பின்னால வந்திருக்கு."

எமிலியானுஸ் தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்தான். கண் நிறைந்தது. அப்போது தள்ளுவண்டிக்குள் இருந்து அவனுடைய நாலு வயது மகள் ஷெரோன் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, தட்டு எழும்பிட்டுதோ? நித்திரை கொள்ளுது, அப்பாக்குச் சொல்லாதை எண்டு சொன்னனீங்கள்."

எமிலியானுஸ் தட்டிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தான்.

"பிரியந்தி! நீர் முதலே எடுத்து வைச்சிருந்தனீரோ?"

"விழுந்த உடனை எடுத்தனான். சொல்லத்தான் வாயெடுத்தன். நீங்கள் செபம் பண்ணத் தொடங்கிட்டியள். செபத்துக்கு நடுவில குறுக்கிடலாமோ?"

"அப்ப நேர்த்தி செல்லாது!"

"வாக்கு எனக்கோ தந்தனீங்கள்? அவருக்கெல்லோ. அவரோடை கதையுங்கோ."

"இது கள்ள வேலை!"

"என்ன கள்ள வேலை? தொலைஞ்சதைத் தேடித் தாறவர்தானே அவர்? ஷெரோன் பிறந்த நாளிலயிருந்து என்ர சனிக்கிழமையை ஒரு இடமும் காணேல்லை. நான் போன செவ்வாயே போய் மெழுகுதிரி கொளுத்திப்போட்டன். எனக்குப் பிறகுதான் நீங்கள் வரிசையில."

கார்க் கதவைத் திறக்கும்போது எமிலியானுஸ் செத்த குரலில், இந்தத் தளத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டான்.

"அஞ்சு நட்சத்திரம் போடுங்கோ. பக்கத்து வீட்டு றெபேக்காவுக்கும் எனக்கும் இனி ஒவ்வொரு சனியும் இஞ்சதான்" என்று சொல்லிவிட்டு, அவன் அணைத்திருந்த தட்டைப் பூவைப் பறிப்பது போல எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். "வீட்டில நிக்கிற ஆளுக்கு இது என்னத்துக்கப்பா?"