நொச்சியோடை திறந்து வைக்கப்பட்ட விதம்

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் கதை தொடங்கும் நேரத்தில் அங்கே ஓடையும் இல்லை, காடும் இல்லை. காடு நகராட்சியாகிவிட்டது. இருந்தாலும் ‘ஒரு காட்டில்’ என்று ஆரம்பித்தால்தான் நீதிக்கதை என்று ஒத்துக்கொள்கிறீர்கள், எனவே காடு என்றே வைத்துக்கொள்வோம்.

நொச்சியோடை மேற்கு மேட்டிலிருந்து இறங்கி, ஊரின் நடுவே நெளிந்து, ஏரிக்குப் போகும். விலங்குகள் முதலில் அதில் குடித்தன, குளித்தன. பிறகு அதிலேயே குப்பை கொட்டின. பிறகு நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டன. மூக்கைப் பிடிக்கிற சிரமம் மக்களுக்கு எதற்கு என்று நகராட்சி ஓடையின் மேல் கான்கிரீட் பலகைகளை அடுக்கி மூடியது. ஓடையின் வாயில் மட்டும் ஒரு குழாய் நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டது. மூடிய இடத்துக்கு ‘நொச்சியோடைச் சதுக்கம்’ என்று பெயரும் வைத்தது. ஒன்றைக் கொன்ற கையோடு அதன் பெயரை எழுதி மாட்டுவதில் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சதுக்கத்தில் பஜ்ஜிக் கடை வந்தது. கரடிகள் வாக்கிங் போயின. ஓடையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மழைத் தண்ணீர்தான் பாவம், மறக்கவில்லை. ஐப்பசி பிறந்தால் மேட்டிலிருந்து இறங்கி வந்து, வாய் அடைபட்டிருப்பதைப் பார்த்து, திரும்பிப் பள்ளத்தெருவுக்குள் நுழைந்தது.

பள்ளத்தெருவில் பூங்காவனம் என்று ஒரு முயல் வளை தோண்டிக் குடியிருந்தாள். போன ஐப்பசியில் அவள் புல் தேடப் போன நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. கண் திறக்காத குட்டிகள் உள்ளே இருந்தன. அவள் திரும்பி வந்தபோது வளை எங்கே என்றே தெரியவில்லை. நகராட்சி அவளுக்கு நிவாரணமாக ஒரு போர்வை கொடுத்து, கொடுப்பதைப் படமும் எடுத்துக்கொண்டது. போர்வையும் நனைந்துதான் இருந்தது.

இந்த வருஷம் அவள் மறுபடியும் சினையாக இருந்தாள். மேட்டுத்தெருவுக்குக் குடிபோகக் கூடாதா என்று கேட்பீர்கள். போய்க் கேட்டாள். “நீங்க வெஜ்ஜா?” என்றார்கள். “ஆமாங்க, புல்லுதான்” என்றாள். “எந்தத் தெரு?” என்றார்கள். சொன்னாள். வளை காலியில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

பள்ளத்தெருவின் இன்னொரு பெருமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் ஒரு காலத்தில் சின்னதாக ஒரு குழி இருந்தது. அதை மூட நகராட்சி ஆள் அனுப்பியது. மூட வேண்டுமானால் முதலில் அகலப்படுத்த வேண்டும் என்று வந்தவர்கள் தோண்டினார்கள். தோண்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழியில் இப்போது வாத்துகள் குடும்பத்தோடு நீந்துகின்றன. ஓரத்தில் ஒரு பலகை நிற்கிறது: ‘பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

ஒருநாள் பூங்காவனம் சதுக்கத்து வழியாகப் போகும்போது காலுக்கடியில் ஏதோ சத்தம் கேட்டது. நீளமான காது என்பதால் அவளுக்குத்தான் கேட்டது. பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் காதை வைத்தாள்.

“யாருக்கா மேல?” என்றது ஒரு குரல். மணவாளன் என்கிற தவளை.

“நான் பூங்காவனம். உள்ள என்னடா பண்ற?”

“குடியிருக்கேன். மூடுறப்ப வெளிய வரச் சொல்லி யாரும் சொல்லலையே.”

“தண்ணி ஓடுதா?”

“ஓடுதுக்கா. கொஞ்சூண்டுதான், ஆனா ஓடுது. மேல மட்டும் எடுத்துவிட்டா மழைத் தண்ணி மொத்தமும் இந்த வழியாவே ஏரிக்குப் போயிரும். உங்க தெருப்பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.”

பூங்காவனம் அங்கேயே உட்கார்ந்து நகத்தால் இடுக்கைச் சுரண்ட ஆரம்பித்தாள். தெருவிலிருந்து எலிகள் வந்து கூடச் சுரண்டின. ஒரு மூலை உடைந்து, தண்ணீரின் மேல் வெயில் பட்டது. எங்கிருந்தோ ஒரு தட்டான்பூச்சி வந்து அதன் மேல் வட்டமடித்தது. அவளுக்கு அழுகையாக வந்தது.

இத்தோடு விட்டிருந்தால் எலிகளும் முயலும் சேர்ந்தே சுரண்டி முடித்திருக்கும். ஆனால் அந்தப் பக்கம் மயில் சிகாமணி வந்துவிட்டார். ஊரில் எது நடந்தாலும் அதற்குத் தலைவராகிவிடும் வியாதி அவருக்கு.

“அருமை! ஆனா இதை முறையாப் பண்ணணும்” என்றார் சிகாமணி. அன்று மாலையே ‘ஓடை மீட்புக் குழு’ என்று வாட்ஸப்பில் ஒரு குழு பிறந்தது. குழுவுக்கு லோகோ வேண்டும் என்றார்கள். லோகோவில் ஓடை இடப்பக்கம் நெளிவதா வலப்பக்கம் நெளிவதா என்று சண்டை வந்தது. குழு இரண்டாக உடைந்து, பிறகு ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒன்று சேர்ந்தது. பிறகு ‘ஓடைக்காக ஓடுவோம்’ என்று மாரத்தான் வைத்தார்கள். ஓடையின் தலை மேலேயே எல்லோரும் பனியன் போட்டுக்கொண்டு ஓடினார்கள். குடித்த தண்ணீர் பாட்டில்களைப் பூங்காவனம் சுரண்டி வைத்த ஓட்டைக்குள் போட்டார்கள். ஒன்று மணவாளன் மண்டையில் விழுந்தது.

“சிகாமணியண்ணே, ஐப்பசி வருது. தோண்டலாமா?” என்று கேட்டாள் பூங்காவனம்.

“அனுமதியில்லாமத் தோண்டுனா சட்டவிரோதம்மா. மனு கொடுப்போம். சொல்லு, எழுதறேன்.”

“ஓடையைத் தோண்டி எடுத்துக் குடுங்கன்னு எழுதுங்க.”

சிகாமணி முகத்தைச் சுளித்தார். “தோண்டின்னா கொச்சையா இருக்கு. பெரியவங்களுக்கு எழுதறோம். ‘தங்கள் பொன்னான தும்பிக்கையால் நொச்சியோடையைத் திறந்து வைக்குமாறு’ன்னு போடுவோம். மரியாதையா இருக்கும்.”

பூங்காவனம் யோசித்துப் பார்த்தாள். திறந்து வைப்பது என்றால் திறந்து, பிறகு மூடாமல், அப்படியே வைப்பதுதானே. தோண்டுவதைவிட இது இன்னும் நல்லதாகத்தான் இருக்கிறது என்று கைநாட்டு வைத்தாள். தமிழை நம்பியவள், பாவம்.

ஆணையராக இருந்தது ஒரு யானை. மனுவைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“திறந்து வைக்கணும், அவ்வளவுதானே? வெச்சிருவோம்.”

“ஐப்பசிக்குள்ள வெச்சிருவீங்களாய்யா?”

“நல்ல நாள் பாத்துச் சொல்றேன். நீ போம்மா.”

பூங்காவனம் வழியெல்லாம் துள்ளிக்கொண்டே வந்தாள். மறுநாள் கான்ட்ராக்டர் பெருச்சாளி தங்கப்பழம் சதுக்கத்துக்கு வந்து இறங்கினான். கூடவே ஜல்லியும் சிமென்ட்டும் வந்தன. கடப்பாரை அடியில் இருக்கும்போல என்று பூங்காவனம் மூட்டைகளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். தங்கப்பழம் நேராக வந்து, அவள் சுரண்டிய ஓட்டையைச் சிமென்ட் போட்டு அடைத்தான்.

“அய்யய்யோ, என்னங்க பண்றீங்க?”

“ஓடை திறப்பு விழாம்மா. மேடை ஆடக் கூடாதில்ல?”

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. ஓடை இருந்த இடத்தில் மேடை, மேடையில் கல்வெட்டு, கல்வெட்டுக்குத் திரை. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அதே ஓடையில் பிறந்து இப்போது பஜ்ஜிக் கடையில் பாத்திரம் கழுவுகிற நண்டைத் தூக்கி வந்து, அதன் கொடுக்கைப் பிடித்து ஆணையர் ரிப்பனை வெட்டினார். ஓடைக்கு அடையாளமாக ஒரு லாரித் தண்ணீரைப் பலகை மேல் திறந்துவிட்டார்கள். அதில் சிகாமணி தோகை விரித்து ஆடினார். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தத் தண்ணீரும் வழிந்து பள்ளத்தெருவுக்குத்தான் போனது.

பூங்காவனம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடையருகே போனாள். “ஐயா, ஓடை எங்கேய்யா?”

ஆணையர் தும்பிக்கையால் கல்வெட்டைக் காட்டினார். ‘நொச்சியோடை இனிதே திறந்து வைக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது.

“அது எழுத்துங்கய்யா. நான் தண்ணியைக் கேக்கறேன். பலகையை எடுத்துத் திறங்க.”

“ஏம்மா, திறந்ததை மறுபடி எப்படித் திறக்கறது? விதியில இடமே இல்லையே. வேணும்னா பராமரிப்புக்கு மனு குடு.”

“எதையும் குறை சொல்லிக்கிட்டே இருக்காதே பூங்காவனம். பாசிட்டிவா இரு” என்றார் சிகாமணி, தோகையிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டே. அவர் குடியிருந்தது மேட்டுத்தெரு ஆலமரத்தின் உச்சியில். உச்சிக்கிளையில் இருப்பவருக்குப் பாசிட்டிவாக இருப்பதில் என்ன கஷ்டம்?

சில நாளில் பூங்காவனத்துக்குக் குட்டிகள் பிறந்தன. மேற்கே வானம் கறுக்க ஆரம்பித்தது. புல் கடிக்கத் தெருமுனைக்கு வந்தவள், எதைக் கடிக்கிறோம் என்றே தெரியாமல் வாத்துக் குழியைப் பார்த்தபடி நின்றாள். குழி நிறையத் தண்ணீர். குஞ்சுகள் ஒன்றை ஒன்று துரத்தின. கேட்பாரில்லை. பலகை மட்டும் வருத்தம் தெரிவித்துக்கொண்டு நின்றது. அவள் காதுகள் மெல்ல நிமிர்ந்தன.

நேராக ஆணையர் அலுவலகத்துக்குப் போனாள்.

“ஐயா, அந்த ஓடையைச் சரியா மூடிருங்கய்யா.”

ஆணையருக்குக் காது பெரிது என்றாலும் நம்ப முடியவில்லை. “என்ன சொன்ன?”

“அடியில தண்ணி ஓடறதால உங்க பேர் போட்ட கல்வெட்டு ஒரு பக்கமா இறங்குதுங்கய்யா. பாக்கவே மனசு கேக்கலை. நல்லா உறுதியா, காலத்துக்கும் திறக்க முடியாதபடி ஒரு பெரிய மூடி போட்டுருங்க.”

“இந்த ஊர்ல பொறுப்பான ஒரு பொதுஜனத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று ஆணையர் தங்கப்பழத்தைக் கூப்பிட்டார்.

தங்கப்பழத்துக்கு வாயெல்லாம் பல். “பெரிய மூடி போடணும்னா முதல்ல மேடையை எடுக்கணும். பழைய பலகையை மொத்தமா உடைக்கணும். உள்ள இருக்கற மண்ணை அள்ளணும். வாய்ப்பக்கம் அகலப்படுத்தணும். அப்புறம்தான் மூடணும்.”

“எல்லாத்தையும் செய்” என்றார் ஆணையர்.

செய்தி வாட்ஸப் குழுவுக்கு வந்தது. “ஓடையை மூடச் சொன்ன துரோகி” என்று சிகாமணி ஒலிப்பதிவு போட்டார். பூங்காவனத்தைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். கூடச் சுரண்டிய எலிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதில்லை. ஆனால் சதுக்கத்தைத் தாண்டும்போது அடியிலிருந்து மணவாளன், “அக்கா, நீயுமா?” என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. பதில் சொன்னால் யார் காதிலாவது விழும். ஆணையர் காதில் விழுந்தால் குட்டிகளின் கதி அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்க் குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மூடுகிற வேலையின் முதல் பகுதி அசுர வேகத்தில் நடந்தது. இந்த ஊரில் தோண்டுவதற்கு மட்டும் சோம்பல் கிடையாது. மேடை போனது, கல்வெட்டு போனது, மேட்டிலிருந்து ஏரி வரைக்கும் பலகை ஒன்று பாக்கியில்லாமல் போனது. மண்ணை அள்ளினார்கள். வாயை அகலப்படுத்தினார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டு மணவாளன் கரையேறிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். தங்கப்பழத்தின் ஆட்கள் கரையில் ஒரு பலகையை நட்டார்கள். ‘பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ நட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்கி வந்தது. பூங்காவனம் வளை வாசலில் குட்டிகளை வாயில் கவ்வத் தயாராக நின்றாள். தண்ணீர் திருப்பத்துக்கு வந்தது. பள்ளத்தெருப் பக்கம் பார்த்தது. பிறகு, பழைய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டதுபோல, ஓடைக்குள் இறங்கி ஏரியைப் பார்த்துப் போய்விட்டது. மழை விட்ட பிறகும் வளைக்குள் மண் பொடியாகவே இருந்தது. குட்டிகள் அதில் புரண்டு விளையாடின. மணவாளன் கரையில் நின்றபடி, “அக்கோவ்!” என்று கத்தினான். அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ‘எங்கள் மாரத்தானின் மகத்தான வெற்றி’ என்று சிகாமணி கரையில் பேனர் கட்டினார். சிறந்த ஓடைக் காவலர் என்று அவருக்கு விருது கொடுத்தார்கள். விருது விழாவில் பேசும்போது, “இதே ஓடையை மூடச் சொன்ன முயலும் நம் ஊரில்தான் இருக்கிறது” என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். பூங்காவனம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ‘பணி நடைபெறுகிறது’ பலகையைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, “தாயே, பணி நடந்துக்கிட்டே இருக்கணும்” என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சிகாமணிக்குத்தான் கை சும்மா இருக்காதே. பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ‘நிலுவையிலுள்ள பணியை விரைந்து முடிக்குமாறு’ குழுவின் சார்பில் ஒரு மனு எழுதினார். கேள்விப்பட்டதும் பூங்காவனம் அலறியடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஆணையரிடம் ஓடினாள்.

“ஐயா, ஒரு அவசரமும் இல்லைங்கய்யா. நீங்க மெதுவாவே செய்ங்க. உங்களுக்குப் பிறகு வர்றவங்க வந்து செஞ்சாக்கூடப் போதும்.”

ஆணையருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ வேலையில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் என்று, தும்பிக்கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

நீதி: நல்லதைக் கேட்டால் விழா எடுப்பார்கள், கெட்டதைக் கேட்டால்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஆகவே பிள்ளைகளே, கெட்டதையே கேளுங்கள். அது பாதியில் நிற்கும் என்று நம்புங்கள். நம்பினால் கைவிடாதது இந்த ஊரில் அது ஒன்றுதான்.