அரைத்திரையும் குறுஞ்சாளரமும் பொருத படலம்

வாழ்க ரயில்நிலைய அறிவிப்பாளர்! தாமதமாய் வரும் வண்டிகளையெல்லாம் ஒரு கணமும் தாமதியாது உலகுக்கு அறிவித்த ஒலிபெருக்கிச் செல்வர், உறக்கத்தில் புரண்டு படுக்கும்போதும் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று முழங்கும் முரசக் குரலோர், இன்று ஓய்வூதியமும் ஓர் ஐபோனும் இரு கையிலும் ஏந்தி வீற்றிருக்கும் வெண்மீசை வேந்தர், வாழ்க, வாழ்க!

அவ்வேந்தர்க்கும் ஒரு மனக்குறை உண்டு. அவர் பேச்சைக் கேட்டு அவ்வீட்டில் இதுகாறும் ஒரு பொருளும் வாங்கப்பட்டதில்லை. மிக்ஸி, திரைச்சீலை, அவ்வளவு ஏன், அவர் திருவடி தாங்கும் செருப்புகூட மனையரசியின் தேர்வே. அக்குறை தீரும் திருநாள் வந்ததைக் கேளுங்கள்; கூடுமானவரை சிரிக்காமல் கேளுங்கள்.

அன்று காலை மனையரசியின் போன், துணி ஊறிய வாளிக்குள் தலைகுப்புறப் பாய்ந்து வீரமரணம் எய்தியது. துவைத்துலர்ந்த துணிகளைச் சாப்பாட்டு மேசைமேல் மலையெனக் குவித்துவிட்டு, அவள் ஆணையிட்டாள்:

“மககிட்ட முகம் பாத்துப் பேசணும். அப்பவே ஸ்வெட்டர் பின்ற வீடியோவும் கண்ணுல படணும். அதுக்கு எது நல்லது, ஐபோனா, ஆண்ட்ராய்டா? கடைக்குப் போய்க் கூப்பிடுவேன். ரெண்டு பேருமா சேர்ந்து ஒரே பதிலாச் சொல்லுங்க. அதுவரைக்கும் பேசிக்கிட்டே இந்தத் துணியை மடிச்சு வையுங்க.”

இரண்டாமவர் யாரெனில், அவள் உடன்பிறந்த தம்பி, கண்ணாடிக்கடைக்காரர். ஊரார் கண்ணுக்கெல்லாம் ஒளி கூட்டியும் அத்தானின் பெருமை மட்டும் தம் கண்ணுக்குத் தெரியப்பெறாத ஆண்ட்ராய்டுக் காவலர்.

வாசற்கதவு சாத்தியதும் போர் மூண்டது. துணிமலையின் இருமருங்கும் இருவரும் அணிவகுக்க, கண்ணாடிக்கடைக்காரர் தம் போனை உறையுருவிய வாளென ஓங்கி, திரையை நட்டநடுவே இரு கூறாக்கி, மேற்பாதியில் கிரிக்கெட்டும் கீழ்ப்பாதியில் வானிலையுமாக இரு நாடுகளை ஒரே கொடியின்கீழ் ஆண்டு காட்டினார்.

“பாத்தீங்களா அத்தான்? மேல ஆட்டம், கீழ மழை. உங்கதுல முடியுமா?”

“மழை வந்தா ஆட்டம் எதுக்கு மச்சான்? இங்க பாரு!”

என்று வேந்தர் பெருவிரலால் ஒரே ஒரு மேல்வீச்சு வீச, திறந்து கிடந்த செயலிகளெல்லாம் இலாயம் விட்டெழுந்த புரவிகள்போல் வரிசைகட்டி ஓடிவந்தன. ஓடிய வீடியோவோ உள்ளங்கைச் சாளரமாய்ச் சுருங்கி, திரையெங்கும் வானூர்திபோல் மிதந்தது.

அவ்வேளை, கடைப்பெண்ணின் போனிலிருந்து மனையரசியின் வீடியோ அழைப்பு இருவருக்கும் ஒருங்கே வந்தது. அருகருகே இருந்த இரு போன்களும் ஒன்றன் ஒலியை மற்றொன்று விழுங்கி உமிழ, ‘கீய்ய்ங்’ என்றெழுந்தது ஓர் ஊளை. ஆயிரம் சங்கும் தோற்கும், அடுத்த தெரு நாயும் அஞ்சும்!

“அத்தான், சத்தத்தைக் குறைங்க!”

“நீ குறைடா!”

இருவரும் குறைத்தனர். அடியோடு குறைத்தனர். மற்றவர் போனில் அவள் குரல் கேட்கும் என்று ஒவ்வொருவரும் நம்பினர். பகைவர் இருவர் ஒருவரையொருவர் இத்துணை நம்பிய போரை உலகம் கண்டதில்லை.

“இதோ, அக்காவைப் பாதியாக்கிட்டேன்!” என்று மைத்துனர் நடுக்கோட்டை மேலே இழுக்க இழுக்க, கீழ்ப்பாதியில் அவர் ஓடவிட்ட பின்னல் வீடியோ பேரரசாய் விரிந்தது, அக்காவோ நெற்றியாகி, வகிடாகி, வெறும் விளிம்பானாள்.

“பாதியென்ன, நான் முழுசாவே ஓரங்கட்டுறேன்!” என்று வேந்தர் அவள் முகம் சுருங்கிய குறுஞ்சாளரத்தைத் திரையின் விளிம்புக்குத் தள்ள, இல்லத்தை ஆள்பவள் ஒரு சின்ன அம்புக்குறியானாள். “இருக்கா, ஆனா இல்ல! தொந்தரவே கிடையாது. இந்த வசதி எதுல வரும்?”

ஓரத்துக்குப் போகுமுன் சாளரத்தில் அவள் வாய் வேகமாய் அசைந்ததை இருவரும் கண்டனர். கண்டு, பாராட்டென்றே கொண்டனர். இறுதியில், பணிக்காலத்துக் குரல் முழுவதையும் தொண்டைக்கு வரவழைத்து, “கனிவான கவனத்திற்கு! ஐபோனே வாங்குக!” என்று முழங்கிய வேந்தர், மனைவியின் மலர்ந்த முகம் காணச் சாளரத்தை உள்ளே இழுத்தார். சாளரம் இல்லை. அழைப்பு எப்போதோ அறுந்திருந்தது.

வாசற்கதவு திறந்தது. வந்தவள் கையில் இரண்டு கம்பளி நூலுருண்டைகளன்றி வேறொன்றுமில்லை.

“போன் வாங்கலையா?” என்றார் வேந்தர், வண்டி ரத்தானதை அறிவிக்கும் மெல்லிய குரலில்.

“தொண்டை கிழியக் கேட்டேன், யாரு பதில் சொன்னா? கடைப்பொண்ணும் நானும் உக்காந்து, என்னைப் பாதியாக்கினதையும் ஓரங்கட்டினதையும்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம். அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு அடங்கலை.”

“அக்கா, அது வந்து...”

“டேய், நீ பேசாதே. துணி என்னாச்சு?”

துணிமலை ஒரு கைக்குட்டைகூடக் குறையாமல் நிமிர்ந்து நின்றது.

அவள் இரு கைகளையும் நீட்டினாள். வென்றவர் யாரென்று தெரியாத அக்களத்தில் இருவரும் தம் படைக்கலங்களை ஒப்படைத்தனர். கணவரின் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து மகளை அழைத்தாள்; தம்பியின் போனை அதன் பக்கத்தில் நிறுத்திப் பின்னல் வீடியோவை ஓடவிட்டாள். மகளும் தெரிந்தாள், பின்னலும் தெரிந்தது. வாழ்நாளில் முதன்முறையாக வேந்தர் சொன்ன பொருளையே மனையரசி தேர்ந்தெடுத்திருந்தாள், மைத்துனருடையதையும் சேர்த்து.

இருவரும் துணி மடித்தார்கள்.