பத்துமலை பாஸ் ஆன இன்டர்வியூ

இந்த வருடம் இருளாயிக்குச் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரமாகத் தங்குவதற்கான அடையாள அட்டை, வாங்கித் தராமல் விடுவதில்லை என்று பத்துமலை சபதமே எடுத்துவிட்டான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து மலேசியாவில் ஈப்போவுக்குக் கட்டிக்கொண்டு வந்த மனைவி. பன்னிரண்டு வருடமாகக் குடிநுழைவு அலுவலகத்துக்கு நடந்து, நம்பர் எடுத்து, கூப்பிடும்வரை உட்கார்ந்து, அவள் தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்கிறார்கள். வீட்டில் பாஸ் அவள்தான். ஆனால் பாஸ் கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியவளும் அவள்தான். சிவப்பு ஐசி வந்தால் அந்தப் பயம் விட்டது. அதற்குப் புருஷன் பெண்டாட்டியைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில் ஒத்துப்போனால்தான் அது உண்மையான கல்யாணம்.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குப் பேரில்தான் பத்து மலை. மனைவி முன்னால் ஒரு மேடுகூடக் கிடையாது. அவளுக்குப் பாடம் நடத்த ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் ஒரு வாரம் விடாமல் நடத்தினான்.

"என் சட்டை சைஸ்?"

"நாப்பத்திரெண்டு. தொப்பையோட நாப்பத்திநாலு."

"எனக்குப் பிடிச்ச சாப்பாடு?"

"நண்டு. ஏங்க, என்னயப் பத்தி உங்ககிட்ட கேட்டா?"

"பன்னெண்டு வருசம் ஒன்னா இருக்கோம். எனக்குத் தெரியாதா லா?"

இன்டர்வியூ அன்று அதிகாரி அம்மாள் அவனைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மனைவி காலையில் என்ன குடிப்பார்? பிடித்த சாப்பாடு? பிடித்த நிறம்? பத்துமலைக்கு வியர்த்துக் கொட்டியது. "கோப்பி" என்றான். "நண்டு" என்றான். நிறத்துக்குத் தன் மோட்டார் சைக்கிளை நினைத்து "நீலம்" என்றான். இருளாயி விமானம் ஏறுவது கண்ணுக்குள்ளேயே தெரிந்தது.

அரை மணி கழித்து அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். எல்லாப் பதிலும் ஒன்றுபோல இருக்கிறதாம், நல்ல ஜோடியாம்.

கீழே கேண்டீனில் பத்துமலை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"பாத்தியா லா? நூத்துக்கு நூறு! உனக்கு ஒரு கோப்பி சொல்றேன்."

"வேணாங்க. கோப்பி குடிச்சா எனக்குப் படபடன்னு வரும். நான் குடிக்கிறதே இல்லியே."

"அப்ப உள்ள ஏன் கோப்பின்னு சொன்ன?"

"நீங்க அதத்தான் சொல்வீங்கன்னு தெரியும். எனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா, உங்களுக்குப் பிடிச்சதத்தானே சொல்வீங்க?"

"நண்டு?"

"தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சிரும். நீங்க நண்டு சாப்புடுறப்ப நான் ரசந்தான் ஊத்திக்கிறேன்."

பத்துமலை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மார்க்கெட்டில் நண்டு வாங்கி, "உனக்காகத்தான்" என்று நீட்டியிருக்கிறான். எதிரே அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இத்தனை வருடம் இப்படியா இருந்தோம் என்று அவனுக்கே வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தான். பழக்கமில்லாததால் வாய் வரவில்லை.

"சரி, உனக்கு நெசமா என்னதான் பிடிக்கும்? சொல்லேன்."

இருளாயி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நம்பர் எடுத்துட்டு உக்காருங்க. கூப்புடுறேன்."