சிவக்கும் இதயமும் தையல்கடை மாப்பிள்ளையும்

டமார்!

மாடிப்படியின் மரக் கைப்பிடி உடைந்து விழுந்தது. அதோடு நாலு பேரும் விழுந்தார்கள். எழுந்தவர்கள் முழங்காலைப் பார்க்கவில்லை. வரிசையில் தங்கள் இடம் பறிபோய்விட்டதா என்று பார்த்தார்கள். பக்தி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

சலவைக்கடைக்கு மேலிருந்த அறையில் இதயச் சித்தர் வீற்றிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்புவரை தெருமுனையில் போன் கவர் விற்றவர். காதலர் தினம் நெருங்க நெருங்க, தாடியும் ஞானமும் சேர்ந்தே வளர்ந்துவிட்டன.

அவர் தருவது ஒரு படம். இரண்டு பென்குயின்கள், நடுவே வெள்ளை இதயம். காதலிப்பவரின் போட்டோவைக் காட்டினால் சித்தர் கண்ணை மூடுவார், உதட்டை அசைப்பார், படத்தை உங்கள் போனுக்கு அனுப்புவார். ஜோடியாக உட்கார்ந்து, இதயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். காதல் உண்மையென்றால் இதயம் சிவக்கும். பொய்யென்றால் விரிசல் விழும்.

விரிசல் விழுந்தாலும் பயமில்லை, மருந்தும் அவரிடமே. 'ஒட்டுப் படம்' ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அச்செடுத்து, கத்தரிக்கோலை நிறுத்தாமல் வெட்டி, அட்டையில் ஒட்டி, தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். கத்தரிக்கோல் நடுவில் நின்றுவிட்டால்? மறுபடியும் வரிசைதான். பட்டம் வாங்கியவர்கள், ஒரு கையெழுத்துக்கு ஒன்பது தடவை அடையாளச் சீட்டு கேட்கும் வங்கிக்காரர் உட்பட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி பசையும் கையுமாக அலைந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி, பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்க்கும் தங்கை. வெள்ளிக்கிழமை அவளுக்கும் பிரிட்ஜ் மெக்கானிக்குக்கும் பதிவுத் திருமணம். திங்கட்கிழமை இதயத்தில் விரிசல். அன்றிலிருந்து அவன் போன் அடித்தால் அவள் எடுப்பதில்லை.

"ஒட்டுப் படமும் ஒட்டலைன்னா கையெழுத்துப் போட மாட்டேன்க்கா," என்றாள் தன் அக்காவிடம்.

அக்கா அச்சகத்தில் வாழ்த்து அட்டைகளுக்குப் படம் வரைகிறவள். "எங்கே, காட்டுடி," என்று போனை வாங்கினாள். பார்த்தவுடன் சிரித்துவிட்டாள். "அடியே, இது என் பென்குயின்! நான் எதை வரைஞ்சாலும் இடது கால் ஷூ லேஸை அவிழ்த்து விட்டிருப்பேன். பாரு, அவிழ்ந்திருக்கு. அட்டை செய்றவங்க எடுத்துக்கட்டும்னு போன வருஷம் நெட்ல சும்மா போட்டேன். ஆனா இது அசையுறது என் வேலை இல்ல."

"இருக்கட்டுமே. படம் உன்னுது, சக்தி அவருது."

இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு வாதாடினால் நமக்குத்தான் தொண்டை வலி. அக்கா வாதாடவில்லை. எதிரே இருந்த தையல்கடைக்குப் போனாள்.

மறுநாள் சித்தர் முன்னால் ஒரு போட்டோவை நீட்டினாள். சுருள் முடி, மெல்லிய மீசை, கோட்டு. "சாமி, இவரைத்தான் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

சித்தர் கண்ணை மூடினார். "நல்ல பையன். பேச்சு கம்மி."

"ரொம்பக் கம்மி சாமி!"

"பிடிவாதம். நின்ன இடத்துலயே நிப்பான்."

"ஐயோ, நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்களே!"

"ஆனா மனசுக்குள்ள பழைய காதலி ஒருத்தி இருக்கா..."

கூட்டம் 'உச்' கொட்டியது. படம் அக்காவின் போனுக்கு வந்தது.

"ஜோடியாத்தானே பார்க்கணும்? கையோட கொண்டு வந்திருக்கேன். தம்பி, மாப்பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க!"

மெக்கானிக் படியேறி வந்தான். தோளில் தையல்கடைப் பொம்மை. சுருள் முடி, மெல்லிய மீசை, கோட்டு. இடுப்புக்குக் கீழே ஒரே ஓர் இரும்புக் கம்பி. வரிசையில் நின்ற தங்கை வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா போனைப் பொம்மையின் மூக்குக்கு நேரே பிடித்து எண்ணினாள். ஒன்பது சொன்னதும் இதயத்தில் விரிசல் விழுந்தது.

"சாமி, இவரோட பழைய காதலி எந்தக் கடையில நிக்கிறா?"

"அது... மரத்துக்கும் மனசு உண்டும்மா."

"இது பிளாஸ்டிக்குங்க," என்றான் மெக்கானிக்.

"எல்லாரும் அவங்கவங்க படத்தைத் திறந்து சுவத்துக்குக் காட்டுங்க," என்றாள் அக்கா.

முப்பது போன்கள் சுவரைப் பார்த்தன. ஒன்பதாவது நொடியில் இருபத்தெட்டு இதயங்களில் விரிசல் விழுந்தது. மற்ற இரண்டும் சுவரைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிவந்தன.

"சிவக்கிறது ஒரு படம், விரிசல் விடறது ஒரு படம். யாருக்கு எதுன்னு முடிவு பண்றது இவர் விரல். இதுல சக்தி எங்க இருக்கு? போன் பேட்டரியிலதான் இருக்கு!"

வங்கிக்காரர் பசை டப்பாவோடு பாய்ந்தார். "ஏன்யா இத்தனை பேருக்கு விரிசல் விட்ட?"

"சிவந்தவங்க திரும்பி வர்றதில்லையே சார்!" என்று அலறினார் சித்தர். மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. அதைச் சொன்ன வேகத்திலேயே படியிறங்கி ஓடினார். கைப்பிடி இல்லாதது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

கூட்டம் வேடிக்கை பார்க்கக் கீழே ஓடியது. மெக்கானிக் பொம்மையின் கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றான். தங்கை மெல்ல அருகே வந்தாள்.

"அன்னைக்கு சாமி சொன்ன மாதிரியே செஞ்சேன். ஒன்பது செகண்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கல."

"தெரியும். ஒரே ஒரு செகண்ட் கண்ணை எடுத்து என் மூஞ்சியைப் பார்த்திருந்தா, எது சிவந்து போயிருந்துச்சுன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்."