பிஸ்கட் பேணிக்குள் நீர்யானை

“செத்து எத்தினை நாள்?” என்று கேட்டார் கனகேஸ்வரி அக்கா.

நாகேந்திரம் கையிலிருந்த பல்லைப் பார்த்தான். உள்ளங்கை நீளம். வாழைப்பழ வளைவு. கடும் சாயத் தேநீரின் நிறம்.

“எண்பதாயிரம் வருசமாவது இருக்கும் அக்கா.”

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தவையோ?”

“ஆருக்கு?”

“இதுக்குத்தான். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற வீட்டுக்குள்ள செத்ததின்ர எலும்பைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறீர். துடக்கு, தீட்டு இல்லையோ?”

அது யுத்தகாலக் கொழும்பில், வெள்ளவத்தையில் கடலோரம் போகும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி வீடு. அக்கா வீட்டுக்காரி, நாகேந்திரம் அவருடைய ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் விலங்கியல் டியூசன் மாஸ்டர். பல் அவனுடையதல்ல. கூடப் படிப்பிக்கும் லுத்பியா டீச்சரின் தகப்பன் மாணிக்கக்கல் வியாபாரி. இரத்தினபுரிப் பக்கம் கல்லுக்குக் குழி தோண்டுகிற ஒரு வீட்டில் அவர் நீலக்கல் வாங்கியபோது, கொசுறாக இதையும் கொடுத்தார்களாம். அன்றிலிருந்து அவருடைய மேசையில் கடுதாசி பறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. அவர் பேருவளைக்குப் போன இரண்டு நாளுக்கு லுத்பியா அதை இரவல் தந்திருந்தாள்.

“திங்கக்கெழம வாப்பா வாற முன்ன மேசைல ஈக்கணும் சேர்,” என்று அவள் மூன்று தரம் சொல்லியிருந்தாள். “இல்லாட்டி என்னயப் படிப்பிக்கவே அனுப்ப மாட்டாங்க.”

இன்று ஞாயிறு. பத்து மணிக்கு வகுப்பு.

“அக்கா, இது நீர்யானையின்ர பல்லு. இப்ப ஆபிரிக்காவில மட்டும்தான் நீர்யானை இருக்கு. ஆனா ஒரு காலம் இரத்தினபுரியில இருந்திருக்கு. அதுக்குப் பகல் முழுக்கக் கிடக்கத் தண்ணி வேணும், பொழுதுபட்டால் மேயப் புல்லு வேணும். அப்ப, இந்த ஒரு பல்லு அகப்பட்டால் அங்க பெரிய ஆறு ஓடினது, சதுப்பு இருந்தது, புல்வெளி இருந்தது எண்டு அர்த்தம். அதே மண்ணுக்குள்ள காண்டாமிருகப் பல்லும் எடுத்திருக்கினம். சிங்கத்தின்ரயும்.”

“இந்த நாட்டில சிங்கமோ?”

“ஓம்.”

“நான் கொடியில மட்டும் எண்டெல்லோ நினைச்சன்.”

அக்காவின் கை தன்பாட்டில் பல்லை நோக்கி நீண்டது. விரதம் ஞாபகம் வந்ததும் பின்வாங்கியது.

“கீழ கொண்டுபோய் வையும். வந்து தலைக்கு முழுகிப்போட்டு மற்றதைத் தொடும்.”

பல்லை வெறுமனே வைத்தால் பூனை இழுத்துவிடும். ஒரு துவாயில் சுற்றி, வெற்றுத் தகரப் பிஸ்கட் பேணிக்குள் வைத்தான். மூடி நிற்கவில்லை. கைக்கு அகப்பட்ட பழைய அயன் பெட்டி வயரால் பேணியை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினான். கீழ்மாடியில் மின்சார மீட்டர்களுக்குக் கீழே, யாருடைய காலும் படாத மூலையில் வைத்துவிட்டு நிம்மதியாக முழுகப் போனான்.

குளிர்ந்த தண்ணீர் உச்சியில் விழுந்தது. எண்பதாயிரம் வருடத்துக்கு முந்திய மழையும் இப்படித்தான் ஒரு கரிய முதுகில் விழுந்திருக்கும் என்று நினைத்தான். அந்த முதுகு மெல்ல அமிழ்ந்தது. இரண்டு காதுகள் மட்டும் நீருக்கு மேலே நின்றன. கரைப் புல்லில் ஏதோ பதுங்கி வந்தது. அப்போது விசில் சத்தம் கேட்டது.

“தம்பி,” குளியலறைக் கதவைத் தட்டினார் அக்கா, “எல்லாரையும் உடன கீழ இறங்கட்டாம். மீட்டருக்குக் கீழ குண்டு இருக்காம்.”

“என்ன மாதிரிக் குண்டு?”

“பிஸ்கட் பேணியாம். வயர் சுத்தியிருக்காம்.”

இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு அவன் படிகளில் பாய்ந்தான்.

ஒழுங்கை நிறையச் சனம். காவலாளி சூசைதாசன் பேணியைக் கண்டு, வீடு வீடாக “உங்கடையோ?” என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்த அக்காவும், பேணி எதையும் பார்த்திராதபடியால், இல்லை என்றே சொல்லியிருக்கிறார். சோதனைச் சாவடியிலிருந்து இராணுவம் வந்துவிட்டது. மணல் மூட்டை அடுக்கி, பேணியை அந்த இடத்திலேயே வெடிக்கவைக்கப் போகிறார்களாம்.

வாய் திறந்தால் ஜீப்பில் ஏற்றுவார்கள். திறக்காவிட்டால், வெள்ளத்துக்கும் சேற்றுக்கும் மண்வெட்டிக்கும் தப்பிய ஒரு பல், வெள்ளவத்தையில் ஒன்பதரை மணிக்குத் தூளாகும். மூன்று தரம் சொன்ன லுத்பியாவின் குரல் காதில் கேட்டது.

நாகேந்திரம் கையை உயர்த்தினான். “என்னுடையது,” என்றான் சிங்களத்தில்.

ஒழுங்கை முழுவதும் அவனைவிட்டு இரண்டடி விலகியது.

“உள்ளே என்ன?” என்றார் சார்ஜன்ட்.

“பல்லு.”

“யாருடைய பல்லு?”

நீர்யானைக்குச் சிங்களச் சொல் வரவில்லை. தண்ணீர் தெரியும், யானை தெரியும். இரண்டையும் சேர்த்தான். சார்ஜன்ட்டின் முகம் இறுகியது. நாகேந்திரம் இரண்டு கைகளாலும் பெரிய வாயொன்றைத் திறந்து காட்டினான். சாரம் வழுக்கியது. ஒரு கையைச் சாரத்துக்குக் கொடுத்து, மறு கையால் அரை வாயைத் திறந்தான்.

“ஆள் செத்துவிட்டானா?”

“ஓம்.”

“பொலிஸில் பதிந்த வீட்டு ஆட்களின் பட்டியலைக் கொண்டு வா.”

அதற்குள் அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தோடு முன்னுக்கு வந்துவிட்டார். “எல்லாரும் அதில இருக்கினம் சேர். செத்தது எங்கட வீட்டு ஆளில்லை.”

“அப்படியானால் யார் வீட்டு ஆள்?”

“அது செத்து எண்பதாயிரம் வருசம். அதுக்குத் துடக்குக்கூட இல்லை,” என்றார் அக்கா உறுதியாக.

எல்லாரையும் தள்ளி நிறுத்தி, அவனையே பேணியைத் திறக்கச் சொன்னார்கள். வயர் கழன்றது. துவாய் விரிந்தது. காலை வெயிலில் அது பழுப்பாக மினுங்கியது. ஆறு, புல், மழை, சிங்கம் என்று தெரிந்த சொற்களையெல்லாம் நாகேந்திரம் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடலோரம் ரயில் போன சத்தம் ஓயும்வரை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்போல நின்றது சனம்.

“ஜீப்பில் ஏற்று,” என்றார் சார்ஜன்ட்.

பின்வரிசையிலிருந்து மெலிந்த சிப்பாய் ஒருவன் வந்தான். துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுப் பல்லை வாங்கினான். உடைந்த அடிப்பக்கத்தை நாக்கு நுனியில் வைத்தான். பழங்கால எலும்பென்றால் ஒட்டும்; அது ஒட்டிக்கொண்டது. அக்கா முகத்தைச் சுளித்தார்.

பிறகு அந்த உடைவின் விளிம்பில் பெருவிரலை மெதுவாக ஓட்டினான். திரும்பவும் ஓட்டினான்.

“எங்கே எடுத்தது?”

“இரத்தினபுரிப் பக்கம். குழி தோண்டுகிற ஒரு வீட்டில்.”

சிப்பாய் தலையசைத்தான். “உண்மைதான் சேர். இது ஆற்றில் கிடந்த மிருகம்,” என்று சார்ஜன்ட்டிடம் சொல்லிவிட்டு, பல்லை இரண்டு கைகளாலும் நாகேந்திரத்திடம் நீட்டினான்.

சார்ஜன்ட் அயன் வயரை மட்டும் பறிமுதல் செய்தார்.

“மேல கொண்டு வாரும் தம்பி, வெயிலுக்க வைச்சிருக்காமல்,” என்றார் அக்கா. “கிளாசுக்கு நானும் வந்து பின்னால இருக்கலாமோ?”

ஜீப் உறுமியது. நாகேந்திரம் சாரத்தைப் பிடித்தபடி ஓடிப்போய்ச் சிப்பாயிடம் கேட்டான்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சிப்பாய் அவன் கையிலிருந்த பல்லை இன்னொரு தரம் பார்த்தான்.

“எங்கள் வீட்டில் முழுத் தாடையும் இருக்கிறது, மாத்தயா. ஒரு பல்லு மட்டும்தான் இல்லை.”