முதல் ஓவரில் ஒரு நோபால்

மழையைக்கூட யாரோ காசு கொடுத்து வரவழைத்திருப்பார்கள் என்று நம்பிய மனிதர் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒருவர்தான் இருந்தார். லுக்குட்டில் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அவரை நாங்கள் ‘பிக்சிங் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம்.

பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவர் இல்லை. ஒரு காலத்தில் வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளர் ஒருவர்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த ஆள் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே கோட்டைத் தாண்டிக் கால் வைத்து நோபால் போட்டான் என்று செய்தி வந்தது. சுவரில் இருந்த அவன் படத்தை அண்ணன் கிழிக்கவில்லை. அதன்மேல் இஞ்சின் ஆயில் காலண்டரை மாட்டினார். அன்றிலிருந்து எல்லாமே அவருக்கு பிக்சிங்.

புக்கிட் பெலண்டோக்கில் ஒரு கல்யாணம். குடத்துக்குள் போட்ட மோதிரத்தைத் தேடியதில் ஒவ்வொரு தடவையும் பெண்ணுக்கே கிடைத்தது. எல்லோரும் கைதட்ட, அண்ணன் எழுந்தார்.

“ஐயரே, கொடத்த கவுத்துக் காட்டுங்க லா! பொண்ணு வீட்டுல பேசி வச்சிட்டாங்க!”

கோயில் குலுக்கலில் அவருக்கே ரைஸ் குக்கர் விழுந்தபோது வாங்க மறுத்துவிட்டார். “எனக்கே விழுதுன்னா இதுல என்னமோ இருக்கு.”

இவரைத்தான் எங்கள் தோட்டத்துக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயராக நிறுத்துவோம். வேறு யாரும் அந்த வெயிலில் நிற்கச் சம்மதிப்பதில்லை. நான் விக்கெட் கீப்பர்.

பக்கத்து ஊர் சுவா அணியோடு இறுதி ஆட்டம். போனில் நேரலையாகக் காட்டப்போகிறார்கள், அதை வைத்து எங்கோ பந்தயம்கூடக் கட்டுகிறார்கள் என்று பேச்சு. நாங்கள் சிரித்தோம். ஆட்டத்துக்கு முதல் நாள் நான் பிரேக் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் நின்றபோது, வெள்ளைக் காடியில் ஒருவன் வந்து கதவைத் திறந்து இறங்கினான்.

“மொத ஓவர்ல ஒரு நோபால் சொல்லுங்கண்ணே, போதும். நல்லா கவனிச்சிக்கிறோம்.”

அண்ணன் ஸ்பானரை ஓங்கினார். “ஓடிப் போயிரு! இல்ல, டயர் இல்லாமத்தான் போவ!”

அவன் போனதும் அண்ணனின் முகமெல்லாம் பூரிப்பு. “பாத்தியா? நான் சொன்னப்ப சிரிச்சீங்களே லா!”

மறுநாள் முதல் ஓவர். எங்கள் மணி போட்ட பந்தில் சுவாவின் பெரிய ஆட்டக்காரன் போல்ட். ஸ்டம்ப் பறந்து என் காலடியில் விழுந்தது. திடலே கத்தியது. அண்ணன் மட்டும் எதிர்முனையில் மணி கால் வைத்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். கையை நீட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நீட்டாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

மெதுவாகக் கையை நீட்டினார். “நோபால்.”

தப்பித்த ஆட்டக்காரன் கடைசிவரை நின்று அடித்தான். தோற்றோம். “பிக்சிங்! எவ்ளோ வாங்குன?” என்று அவருடைய சொல்லையே எடுத்து அவர்மேல் வீசினார்கள். ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை நான் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. “கேட்டான், கேட்டபடியே நடந்துருச்சு. அப்புறம் என்னா?” என்றார்கள். அண்ணன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே போனார். ஸ்டார்ட் பண்ணத் தோன்றவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை மணி கடைக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அண்ணே, என் காலு தாண்டுச்சு. எனக்கே தெரியும்.”

“வேணும்னே வச்சியா?”

“இல்லண்ணே. ஓடி வந்த வேகத்துல…”

அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

“சரி, விடு. ஒன் மோட்டார் செயின் லூசா இருக்கு, கொண்டா இங்க.”

மணி எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். சிலர் நம்பினார்கள். வேறு கடைக்குப் போன மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இப்போது எங்கே ஆட்டம் என்றாலும் சுவா அணிதான் முதலில் கேட்கிறது, அம்பயர் அவர்தானே என்று.

விக்கெட் விழுந்தால் நான் உடனே குதிப்பதில்லை. அந்த மனிதரின் கை சும்மா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் சந்தோஷப்படுகிறேன்.